கணக்கில் கிடக்க வேண்டிய பணம்

செஞ்சி வட்டாரத்தில் ஒரு குடும்பத்தின் வசதியைத் தெரிந்துகொள்ள யாரும் பாஸ்புக்கைக் கேட்பதில்லை. எத்தனை காணி நிலம், கிணற்றில் தண்ணீர் சித்திரை வரை நிற்குமா, கொட்டகையில் எத்தனை கறவை, வீட்டுப் பெண்களிடம் எத்தனை சவரன் என்றுதான் விசாரிப்பார்கள். பெண் கொடுப்பவர்களுக்கு அது போதும். ஊரில் கைமாற்று கொடுப்பவருக்கும் அது போதும். பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும்போது மட்டும் அது ஒன்றும் எடுபடுவதில்லை. விசா கொடுக்க உட்கார்ந்திருப்பவர் கேட்பது, நாம் யாரிடமும் கேட்காத அந்தப் பாஸ்புக்கைத்தான்.

நான் திண்டிவனத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதிப் பழகியவள். பிறகு செஞ்சியில் காந்தி பஜாரை ஒட்டிச் சின்னதாக ஓர் அலுவலகம் போட்டேன். உரக்கடை, அரிசி மண்டி, நகைக்கடைக்காரர்களின் வரிக்கணக்குதான் பிழைப்பு. அவர்களில் ஒருவருடைய மகன் பிரிட்டனுக்கு எம்.எஸ்சி. படிக்கப் போனபோது, பணம் இருப்பதைக் காட்டும் கோப்பை நான் தயார் செய்து கொடுத்தேன். அது வாய்வழியாகப் பரவி, ஆலம்பூண்டி, அவலூர்பேட்டை, வளத்தி, அனந்தபுரம் என்று சுற்று வட்டாரத்திலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கல்லூரியில் இடம் வாங்கித் தருவது என் வேலை கிடையாது; அதற்குச் சென்னையிலும் பாண்டிச்சேரியிலும் ஏஜென்சிகள் இருக்கின்றன. அவர்கள் 'ஃபண்ட்ஸ் ஃபைல்' என்று சொல்கிற ஒரே ஒரு கோப்பு மட்டும் என் பொறுப்பு.

முதல் தடவை வருகிற அப்பாக்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஏம்மா, மூணு காணி நெலம் இருக்குது. பட்டா எம் பேருலதான் இருக்குது. அத்தக் காட்டுனா ஆவாதா?"

பிரிட்டனுக்கு ஆகாது. நிலம், நகை, பங்குப் பத்திரம் எதையும் அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. இன்றைக்கே எடுத்துச் செலவு செய்யக்கூடிய பணமாக இருக்க வேண்டும். அமெரிக்காவுக்குப் போகிறவர்களுக்கு ஆடிட்டர் ஒரு சொத்து மதிப்புச் சான்று கொடுப்பார். அதில் நிலமும் வீடும் நகையும் இடம்பெறும். 2019 பிப்ரவரியிலிருந்து அப்படிப்பட்ட சான்று ஒவ்வொன்றுக்கும் யு.டி.ஐ.என். என்ற பதினெட்டு இலக்க எண் கட்டாயம். அந்த எண்ணை இணையத்தில் போட்டால் சான்று உண்மையானதா என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அங்கேயும் ஐ-20 படிவம் கொடுக்கிற பல்கலைக்கழகம் முதலாண்டுச் செலவுக்கு ரொக்கம் எங்கே என்றுதான் கேட்கும். நிலம் குடும்பத்தின் பின்புலத்தைச் சொல்லும், அவ்வளவுதான்.

எந்த நாட்டுக்குப் போவதானாலும் பிரிட்டன் விதியைத்தான் நான் முதலில் விளக்குவேன். அதில் ஒளிவு மறைவு இல்லை. முதலாண்டுக் கட்டணத்தில் இன்னும் கட்ட வேண்டிய பாக்கி ஒன்று. ஒன்பது மாதச் சாப்பாடு, வாடகைச் செலவு இன்னொன்று. இரண்டையும் கூட்டி வருகிற தொகை, மாணவர் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ உள்ள கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். அந்த 28 நாள் முடிந்த தேதியிலிருந்து 31 நாளுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். மாதச் செலவு எவ்வளவு என்பதை அவர்களே நிர்ணயிக்கிறார்கள். 2025 நவம்பர் 11 முதல் லண்டனுக்கு மாதம் 1,529 பவுண்டு, மற்ற ஊர்களுக்கு 1,171 பவுண்டு. லண்டனுக்கு வெளியே படிப்பவருக்கு ஒன்பது மாதத்துக்கு 10,539 பவுண்டு ஆகிறது. கட்டண பாக்கி பத்தாயிரம் பவுண்டு என்று வைத்தால், மொத்தம் 24 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் வரும். கணக்கில் வரவு செலவு நடக்கலாம். ஆனால் அந்த 28 நாளில் எந்த ஒரு நாளும் இருப்பு அந்தத் தொகைக்குக் கீழே போகக் கூடாது.

மேல்மலையனூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் ஏஜென்சி சொன்ன தொகையை அப்படியே, ஒரு ரூபாய் கூடக் குறைய இல்லாமல், அப்பா கணக்கில் போட்டு வைத்திருந்தது. 28 நாள் முடிந்தது என்று ஸ்டேட்மென்ட்டை எடுத்துக்கொண்டு வந்தார்கள். வரிவரியாகப் பார்த்துக்கொண்டே வந்தால், மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பற்று. பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுப் பிரீமியம். அடுத்த வரியில் சுரக்ஷா காப்பீட்டுக்கு 20 ரூபாய். எப்போதோ வங்கியில் நீட்டிய படிவத்தில் அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வருஷா வருஷம் அந்த நேரத்தில் தானாகக் கழிந்துகொண்டிருக்கிறது. அந்த 456 ரூபாயால் அன்றைய இருப்பு தேவையான தொகைக்குக் கீழே இறங்கிவிட்டது. விண்ணப்பம் போவதற்கு முன்பே கண்ணில் பட்டதால் அந்தப் பையன் தப்பினான். மேற்கொண்டு கொஞ்சம் பணம் போட்டு, 28 நாளையும் மறுபடி முதலிலிருந்து எண்ணினோம்.

ரூபாயைப் பவுண்டாக்கிப் பார்க்க அவர்கள் ஒவாண்டா என்ற இணையதளத்தின் மாற்று விலையைப் பயன்படுத்துகிறார்கள், அதுவும் விண்ணப்பிக்கிற அன்றைய விலையை. பணம் போட்ட நாளில் சரியாக இருந்தது, ரூபாய் மதிப்பு இறங்கினால் விண்ணப்பிக்கிற நாளில் போதாமல் போகலாம். ஆகவே தேவைக்கு மேல் ஒரு லட்சமாவது கூடுதலாகக் கிடக்கட்டும் என்று சொல்வேன். பணம் எங்கே கிடக்கிறது என்பதும் முக்கியம். ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பல வருஷமாக வைப்பு வைத்திருப்பவர்கள் இங்கே நிறையப் பேர். பத்திரமான பணம்தான், ஆனால் அந்தச் சங்கம் ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற வங்கி கிடையாது. வெளிநாட்டு அதிகாரி அங்கே விசாரித்து உறுதி செய்துகொள்ள வழியில்லை. அந்த வைப்பை முன்கூட்டியே முடித்து, ஒரு வணிக வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடச் சொல்வேன்.

இதெல்லாம் விதி. விதியைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். கஷ்டம் எங்கே என்றால், எங்கள் ஊர்ப் பணம் 28 நாள் ஓரிடத்தில் நிற்கிற பணம் கிடையாது.

தை, மாசியில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வந்து பாருங்கள். நெல் மூட்டை ஏற்றிய டிராக்டரும் மினி லாரியும் வாசலைத் தாண்டிச் சாலையில் வரிசை கட்டி நிற்கும். ராத்திரியே வந்து மூட்டையின் மேல் படுத்துக் கிடப்பார்கள். ஏலம் முடிந்து எடை போட்டுப் பணம் கணக்கில் ஏறியதும், அந்த வாரமே அது கிளம்பிவிடும். நாற்று நட்டபோது அடகு வைத்த நகையைத் திருப்ப வேண்டும். உரக்கடைப் பாக்கி, அறுவடை மெஷின் வாடகை, சீட்டுப் பணம். பாஸ்புக்கில் ஒரு பெரிய வரவும் அதை ஒட்டி நாலைந்து பற்றும் வரிசையாக இருக்கும். அப்புறம் மல்லாட்டை என்கிற நிலக்கடலையைப் பிடுங்கும் வரை பால் பணம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருக்கும். வருஷத்துக்கு ஏழெட்டு லட்சம் புரளும் குடும்பத்தின் சராசரி இருப்பு சில ஆயிரம்தான். பொய்யில்லாத, கடினமாக உழைக்கிற குடும்பம் காகிதத்தில் ஒன்றுமில்லாத குடும்பமாகத் தெரிகிறது.

இன்னொரு சிக்கல், வருமானச் சான்று. விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை. ஆகவே கணக்குத் தாக்கல் செய்த பழக்கமும் இல்லை. இருக்கிற ஒரே காகிதம் தாசில்தார் அலுவலகச் சான்று. அது பிள்ளை பள்ளியில் படித்தபோது உதவித்தொகைக்காக வாங்கியது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய் என்று இருக்கும். அந்தச் சான்றையும் 24 லட்ச ரூபாய் ஸ்டேட்மென்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்த அதிகாரிதான் நம்புவார்? கனடா போன்ற நாடுகள் நான்கு மாத ஸ்டேட்மென்ட் கேட்கின்றன. பெரிய தொகை திடீரென்று ஏறியிருந்தால் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வராமல் இருக்காது.

அதனால் நான் செய்கிற முதல் வேலை பென்சிலும் பாஸ்புக்குமாக உட்காருவது. ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு வரவுக்கும் பக்கத்தில் ஓர் எண் போடுவேன். அப்பாவைக் கேட்பேன், இது என்ன, இது எப்போது வந்தது என்று. தேதியைச் சொன்னால் அவருக்குத் தெரியாது. "பொங்க கழிச்சு" என்று நான் எடுத்துக்கொடுத்தால் உடனே வந்துவிடும். "அது மல்லாட்ட வித்த காசும்மா. இது மாடு வித்தது. இது மச்சான் திருப்பிக் குடுத்தது." அம்மா பக்கத்திலிருந்து திருத்துவார், வீட்டுக் கணக்கு பெரும்பாலும் அவர் மனசில்தான் இருக்கும். பிறகு ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு காகிதம் தேடுவோம். விற்பனைக்கூடத்துச் சீட்டு, பால் சங்கத்து அட்டை, வைப்புத்தொகை முடித்த ரசீது, கிரையப் பத்திரம். காகிதம் இல்லாத வரவை இருப்பது போலக் காட்ட மாட்டேன். அடங்கலையும் விற்பனைச் சீட்டுகளையும் வைத்துப் புதிய வருமானச் சான்றுக்கு மனுப் போடச் சொல்வேன். கட்டாயம் இல்லாவிட்டாலும், விவசாய வருமானத்தைக் காட்டி ஒவ்வோர் ஆண்டும் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்துவிடச் சொல்வேன். பிள்ளை பிளஸ் டூ படிக்கும்போதே இதை ஆரம்பித்த குடும்பங்களின் கோப்பு, பட்டப்படிப்பு முடிகிற சமயத்தில் தானாகவே கனமாகிவிடுகிறது.

நிலத்தை விற்றுப் படிக்க வைப்பவர்களும் வருகிறார்கள். அவர்களிடம் நான் கண்டிப்பாகப் பேசுவேன். நம் பக்கத்தில் வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் எழுதிவிட்டு மீதியை ரொக்கமாக வாங்குவது பழக்கமாகிவிட்டது. பத்திரத்தில் எட்டு லட்சம், உண்மை விலை இருபது லட்சம். அந்த மீதிப் பன்னிரண்டு லட்சத்துக்கு எந்தக் காகிதமும் கிடையாது. அசையாச் சொத்துக்கு இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே 2015 ஜூனிலிருந்து சட்டப்படி தவறு. விற்பவருக்கு இதில் லாபமும் இல்லை. பேரூராட்சி எல்லையைத் தாண்டிக் குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் இருக்கிற கிராமத்து விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரியே கிடையாது. முத்திரைத் தீர்வை கூடும் என்பதால் வாங்குபவர்தான் முழு விலைக்கு எழுதத் தயங்குகிறார். அந்தக் கூடுதல் தீர்வையில் பாதியை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள், முழுத் தொகையையும் வங்கி வழியாக வாங்குங்கள் என்பேன். கேட்டவர்களுக்குப் பிள்ளையின் கோப்பில் அந்தக் கிரையப் பத்திரமே முதல் பக்கம்.

கேட்காதவர்கள் எங்கே போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

பணம் போட்டு எடுப்பவர்கள் என்று சிலர் இருக்கிறார்கள். இருபது லட்சமோ முப்பது லட்சமோ உங்கள் கணக்கில் ஒரு மாதத்துக்குப் போடுவார்கள், வட்டி முன்பணமாகப் பிடித்துக்கொண்டு. வெற்றுக் காசோலையில் கையெழுத்து, ஏ.டி.எம். கார்டு, நெட்பேங்கிங் கடவுச்சொல் எல்லாம் அவர்கள் கைக்குப் போய்விடும். வங்கிக் கணக்கோடு இணைந்த கைப்பேசி எண்ணைக்கூடத் தங்கள் எண்ணாக மாற்றிக்கொள்வார்கள். 29ஆம் நாள் பணம் போய்விடும். என்னிடம் வந்து, "பணம் நெஜமாவே கணக்குல கெடக்குதே மேடம், இதுல பொய் எங்க இருக்குது?" என்று கேட்ட மாணவர்கள் உண்டு.

நான் அவர்களை உட்காரவைத்துச் சொல்வது இதுதான். அந்தப் பணம் அதிகாரி பார்ப்பதற்காகக் கேட்கப்படுவதில்லை. அது நீ அங்கே தங்கப்போகிற அறைக்கு வாடகை, குளிர்காலத்தில் போட வேண்டிய கோட்டு, ஒன்பது மாதம் நீ சாப்பிட வேண்டிய சாப்பாடு. அதைக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டால், அங்கே போய் இறங்குகிற அன்றைக்கே நீ கடனாளி. அப்படிப் போன ஒரு பெண்ணின் அம்மா பின்னால் என்னிடம் வந்தார். தம்பிக்காவது சரியாகச் செய்ய வேண்டும் என்று. பட்டப்படிப்பு மாணவர்கள் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம் என்பது பிரிட்டன் விதி. அந்தச் சம்பளம் வாடகைக்கே பற்றாமல், அந்தப் பெண் கணக்கில் வராத வேலைக்கும் போய், வகுப்புக்குப் போவது குறைந்து, பல்கலைக்கழகம் வருகைப் பதிவைக் காரணம் காட்டி அவளுடைய சேர்க்கையை ரத்து செய்துவிட்டது. கட்டிய கட்டணமும் போயிற்று. "நாங்க சோறு தண்ணி இல்லாம அனுப்புனோம்னு அப்பத் தெரியல மேடம்" என்றார். அந்த அம்மா சொன்னதை விடக் கடுமையாக நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

மாட்டிக்கொண்டால் தண்டனையும் சிறியதில்லை. பொய் ஆவணம் என்று முடிவானால் பிரிட்டன் பத்தாண்டு, கனடா ஐந்தாண்டு, ஆஸ்திரேலியா மூன்றாண்டு கதவை மூடிவிடும். அமெரிக்காவில் அது வாழ்நாள் தடையாகவே ஆகலாம். இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் பெயரில் இந்தக் கறை ஏற இடம் கொடுக்கிற பெரியவர்களை என்னால் மன்னிக்க முடிவதில்லை.

நேர்மையான வழி, கல்விக்கடன். பிரிட்டனுக்கு ஒழுங்கான வங்கியின் கல்விக்கடன் அனுமதிக் கடிதம் இருந்தால் 28 நாள் கணக்கே வேண்டாம். கடிதம் ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருந்தால் போதும். ஏழரை லட்சம் வரை அரசு வங்கிகள் சொத்து ஈடு கேட்பதில்லை. வெளிநாட்டுப் படிப்புக்கு அது எந்த மூலைக்கு? அதற்கு மேல் போனால், பேர்பெற்ற பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிள்ளைகளைத் தவிர மற்றவர்களுக்கு ஈடு வேண்டும். இங்கேதான் எங்கள் வட்டாரம் முட்டிக்கொண்டு நிற்கிறது.

மூன்று காணி நிலத்தை வங்கி ஈடாக எடுக்காது. 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி, கடன் திரும்பாவிட்டால் வங்கி நீதிமன்றத்துக்குப் போகாமலே ஈட்டுச் சொத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சட்டத்தின் 31ஆம் பிரிவு விவசாய நிலத்தை விலக்கி வைத்திருக்கிறது. உழுகிறவன் நிலம் வங்கி கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகப் போட்ட வேலி அது. அந்த வேலி வேண்டும். அதைப் பிடுங்கிவிட்டால் இரண்டு மழை பொய்த்ததும் எத்தனை குடும்பம் நிலமிழந்து நிற்கும் என்பது எனக்குத் தெரியும். மாற வேண்டியது ஏழரை லட்ச வரம்புதான். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம் ஈடில்லாமல் கடன் தருகிறது. அது உள்நாட்டுக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். வெளிநாட்டில் நல்ல பல்கலைக்கழகத்தில் தகுதியால் இடம் பெற்ற விவசாயி மகளுக்கும் அதே கை நீள வேண்டும் என்று, கேட்கிற இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நிலம் போனால் மிச்சம் வீடு. வீட்டிலும் முட்டுக்கட்டைகள். கிராமத்து வீடு நத்தத்தில் இருக்கும். நத்தம் பட்டா தாத்தா பெயரில் இருக்கும். தாத்தா காலமாகிப் பல வருஷம் ஆகியிருக்கும். அண்ணன் தம்பிகள் வாய்ப்பேச்சில் பாகம் பிரித்துச் சுவர் எழுப்பியிருப்பார்கள். வங்கி வக்கீல் கேட்பது மூலப்பத்திரம், முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, பதிவு செய்த பாகப்பிரிவினை. டவுனில் வாங்கிய மனையாக இருந்தால் நகர ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) அங்கீகாரம். செஞ்சியில் இன்னொன்றும் உண்டு. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது, அதற்கடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும் என்று 2010இல் திருத்திய சட்டம் சொல்கிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையை வளைத்துக் கிடக்கிற கோட்டை இது. 2025 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் பதினொரு கோட்டைகளோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது ஊரே கொண்டாடியது, நானும்தான். ஆனால் அந்த எல்லைக்குள் வீடு இருந்தால் மதிப்பீட்டாளர் யோசிக்கிறார், வங்கி கூடுதல் காகிதம் கேட்கிறது. வக்கீல் கட்டணம் கட்டுவதற்கு முன் இதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கோட்டையோரத் தெருக்காரர்களிடம் சொல்வேன்.

பாகப்பிரிவினை என்று வந்தால் அத்தைமார்கள் வர வேண்டும். தாத்தா உயில் எழுதாமல் போயிருந்தால் அவருடைய சுயசம்பாத்தியத்தில் மகள்களுக்கும் சமபங்கு உண்டு. 1956ஆம் ஆண்டு சட்டமே அப்படித்தான். பூர்வீகச் சொத்திலும் பங்கு என்று தமிழ்நாடு 1989இல் சட்டம் கொண்டுவந்தது. 2005இல் நாடு முழுவதற்கும் வந்தது. நடைமுறையில் யாரும் அவர்களைக் கேட்பதில்லை. வங்கி வக்கீல் கேட்ட பிறகுதான் அத்தைக்கு போன் போகிறது, வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ என்று.

ஒரு குடும்பத்தில் இதை நான் அப்படியே விட மறுத்தேன். திருவண்ணாமலைப் பக்கம் வாழ்க்கைப்பட்ட அத்தை. அவர் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவருடைய பங்குக்கு ஏதாவது கொடுங்கள், வங்கி மூலமாகக் கொடுங்கள், பத்திரத்தில் அந்தத் தொகையை எழுதுங்கள் என்று அண்ணனிடம் பேசினேன். அவர் முதலில் முகம் சுளித்தார், பிறகு சம்மதித்து இரண்டு லட்சம் அனுப்பினார். சார்பதிவாளர் அலுவலக பெஞ்சில் எங்கள் முறைக்காகக் காத்திருந்தபோது அந்த அத்தை என்னிடம் திரும்பி, "எங்கப்பன் வூட்ல எனக்கு இன்னா இருக்குதுன்னு இதுவரிக்கும் ஒருத்தரும் கேட்டதில்லம்மா" என்றார். பிறகு விரலில் மையை ஒற்றி எடுக்கும்போது பக்கத்தில் நின்ற அண்ணன் மகளைப் பார்த்து, "போய்ப் படி கண்ணு. வேலைக்குப் போனப்புறம் அத்தைய மறந்துடாத" என்றார். அந்தப் பெண்ணுக்குக் கடன் அனுமதியாகி, இப்போது டப்ளினில் படிக்கிறாள். அயர்லாந்து அப்போது கேட்டது பத்தாயிரம் யூரோ. கடன் கடிதம் அதைத் தாண்டியே இருந்தது.

நாடுகள் கேட்கும் தொகை உயர்ந்துகொண்டே போவதையும் கவனிக்க வேண்டும். கனடா இருபது வருஷமாகப் பத்தாயிரம் டாலரிலேயே நின்றிருந்தது. 2023 டிசம்பரில் அறிவித்து 2024 ஜனவரி 1 முதல் 20,635 டாலர் ஆக்கியது. ஆறு லட்சத்துச் சொச்சத்துக்குத் தயாராகி இருந்த குடும்பங்கள் பொங்கலுக்கு முன்னால் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் தேட வேண்டியதாயிற்று. 2025 செப்டம்பரில் 22,895 ஆகியது. ஆஸ்திரேலியா 2023 அக்டோபரில் 24,505 டாலர், 2024 மே மாதம் 29,710 டாலர். ஆகவே போன வருஷம் போன பக்கத்து வீட்டுப் பையனின் கணக்கை வைத்துத் திட்டம் போடாதீர்கள் என்பேன்.

என்னைக் கேட்டால், எங்கள் ஊர்க் குடும்பங்களுக்கு ஜெர்மனி முறைதான் நல்லது. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் அரையாண்டுக்கு 1,500 யூரோ. வாழ்க்கைச் செலவுக்கு 11,904 யூரோவை மாணவர் பெயரில் முடக்கக் கணக்கில் போட வேண்டும். ஏறக்குறைய 12 லட்சம் ரூபாய். பிள்ளை அங்கே போய்ச் சேர்ந்ததும் அந்தக் கணக்கிலிருந்து மாதம் 992 யூரோ அவன் கைக்கு வரும். யாரும் வாடகைக்குப் பணம் கொண்டுவந்து காட்டிவிட்டு எடுத்துப்போக முடியாது. காட்டிய பணமே சோறாகிறது. சொந்தப் பணத்தில் அனுப்புபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2025 ஏப்ரல் முதல், ஓராண்டில் பத்து லட்சத்தைத் தாண்டும் தொகைக்கு வங்கி டி.சி.எஸ். என்ற முன்வரியைப் பிடித்துக்கொள்ளும், கல்விக்கடனாக இருந்தால் பிடிக்காது. பிடித்ததை வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து திரும்ப வாங்கிவிடலாம். விவசாயிக்கு எதற்கு வரிக்கணக்கு என்று கேட்டவர்கள் அந்தப் பணம் திரும்பி வந்த பிறகு கேட்பதில்லை.

நேர்காணல் உள்ளவர்களுக்கு ஒரு வேலை கொடுப்பேன். கோப்பை மூடிவிட்டு, அப்பாவின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள் என்பேன். பொறியியல் முடித்த பிள்ளைகளுக்கு வீட்டில் எத்தனை மூட்டை விளைகிறது என்று தெரியாது. ஒரு மாசம் களத்துக்கும் மண்டிக்கும் அப்பாவோடு போய்வாருங்கள் என்று அனுப்புவேன். சென்னை அண்ணா சாலையில் அமெரிக்கத் துணைத் தூதரக ஜன்னலுக்கு முன்னால் அந்தப் பிள்ளை தடுமாறாமல் பேசுவதற்கு வேறு பயிற்சி தேவையில்லை.

இப்போது என் மேசையில் இருப்பது இரண்டாவது பிள்ளையின் கோப்பு. அண்ணன் சில வருஷம் முன்பு போய்ப் படித்து முடித்து அங்கேயே வேலையில் இருக்கிறான். தங்கை வரும் செப்டம்பரில் பிரிட்டனுக்கு. "அண்ணன் கணக்கக் காட்டிடலாமில்ல மேடம்?" என்று கேட்டாள். அண்ணன் கணக்கை பிரிட்டன் ஏற்காது. மாணவர், அல்லது அப்பா அம்மா கணக்குதான். அண்ணன் அப்பாவுக்கு அனுப்பினால் அது நெருங்கிய உறவினர் கொடுத்தது. அப்பாவுக்கு அதில் வரி கிடையாது. ஏப்ரலுக்குள் வங்கி வழியாக அனுப்பிவிடச் சொல்லுங்கள், அவன் சம்பள ஸ்டேட்மென்ட்டையும் ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள் என்றேன். அப்பாவின் கணக்கில் ஜீவன் ஜோதி பிரீமியம் மே கடைசியில் கழியும் என்பதால், 28 நாளை ஜூன் முதல் வாரத்திலிருந்து எண்ணுவதாகத் தேதி குறித்திருக்கிறோம். அவளுடைய பிறப்புச் சான்றில் அப்பா பெயர் கோவிந்தன் என்றும் பாஸ்புக்கில் கோவிந்தசாமி என்றும் இருக்கிறது. அதைச் சரிசெய்ய வங்கிக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.